தூங்கி எழுந்தால் ரீசெட் ஆகும் பேட்டரி கேஜ்: மேக்ஸ் 17048-ஆ, பிக்யூ 27441-ஆ?

பேட்டரியில் எவ்வளவு சார்ஜ் மிச்சம் என்று சொல்லும் கேஜ் சிப்கள் இவை இரண்டும். ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்து மழைமானியில் இரண்டையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டேன். சேலத்தில் மேஜை மேல் ஒழுங்காக ஓடிய போர்டு, மலையில் மார்கழிக் குளிரில் மட்டும், மின்சாரத்தை மிச்சப்படுத்தத் தூங்கி எழும்போது சார்ஜ் சதவீதத்தைத் தாறுமாறாகக் காட்டியது. குளிரில் லித்தியம் செல்லின் உள்தடை ஏறுகிறது, எழுந்தவுடன் மொபைல் நெட்வொர்க்கில் தகவல் அனுப்பும் ஜிஎஸ்எம் மோடம் 2 ஆம்பியர் வரை இழுக்கிறது, அந்தக் கணத்தில் வோல்டேஜ் சரிந்து கேஜ் ரீசெட் ஆகிவிடுகிறது. இதில் எந்தச் சிப்பும் தப்பவில்லை.

வித்தியாசம் அதற்கு அப்புறம்தான். பிக்யூ 27441 சென்ஸ் ரெசிஸ்டர் (மின்னோட்டத்தை அளக்க வைக்கும் சிறு தடை) வழியாகப் போய்வரும் சார்ஜை எண்ணுவது. நாம் எழுதிய பேட்டரி கொள்ளளவு ரேமில் மட்டுமே இருப்பதால் ரீசெட்டில் அழிந்து பழைய டீஃபால்ட்டுக்குப் போய்விடும். எழுந்ததும் ரீசெட் நடந்ததா என்று சொல்லும் ஐடிபிஓஆர் (ITPOR) ஃபிளாகைப் பாருங்கள், 1 என்றால் மறுபடி எழுதியே ஆக வேண்டும்.

மேக்ஸ் 17048-க்கு ரெசிஸ்டரே வேண்டாம், வோல்டேஜை வைத்தே கணிக்கும். ரீசெட் ஆனாலும் தானாக மீண்டுவிடும், ஆனால் மோடம் இழுக்கும் நேரத்தில் முதல் கணிப்பு நடந்தால் சதவீதம் குறைவாகத்தான் வரும். சரி, லோடு அடங்கியதும், கணிப்பை முதலிலிருந்து தொடங்க வைக்கும் குயிக் ஸ்டார்ட் கட்டளையைக் கொடுங்கள். சிப்பின் ஸ்லீப் வசதியை இயக்கி வைத்திருந்தால் இன்னொரு பொறி உண்டு: சிப்போடு பேசும் எஸ்டிஏ, எஸ்சிஎல் கம்பிகளை மேலே பிடித்திருக்கும் புல்-அப் ரெசிஸ்டர்களின் மின்சாரத்தை நிறுத்தி, இரண்டும் கீழே இறங்கினால் சிப் கணக்கையே நிறுத்திவிடும்.

பெரும்பாலும் தூங்கும் கருவிக்கு என் தேர்வு 17048. செலவான மில்லி ஆம்பியர் மணி துல்லியமாக வேண்டுமென்றால் 27441. எதை வைத்தாலும், வோல்டேஜ் சரியாமல் இருக்க முதலில் மோடம் பக்கத்தில் பெரிய கெப்பாசிட்டர் ஒன்றைப் போடுங்கள்.