ஹன்லே ஹோம்ஸ்டே: கேமராவோடு போகிறவர்களுக்கு என் மதிப்பீடு

லடாக்கில் ஹன்லேவுக்குப் போய் நட்சத்திரங்களைப் படமெடுக்கலாமா, செலவுக்குத் தகுமா என்று கேட்கிற எல்லாருக்கும் என் பதில் ஒன்றுதான்: போங்கள். ஆனால் பெரிய டெலஸ்கோப்பை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். வானம் நகர்வதற்கேற்பக் கேமராவை மெதுவாகத் திருப்பும் ஒரு நல்ல டிராக்கர், ஒரு 135 எம்எம் லென்ஸ், தேவைக்கு மேலேயே பேட்டரி. இவ்வளவு போதும். மீதியை அந்த வானமும், அதை இருட்டாகவே காப்பாற்றி வைத்திருக்கிற ஊர்க்காரர்களும் பார்த்துக்கொள்கிறார்கள்.

எனக்கு வாணியம்பாடி. ஸ்டூடியோ வைத்திருக்கிறேன், கல்யாண வேலைதான் பெரும்பாலும். வானத்தைப் படமெடுப்பது பல வருடப் பழக்கம். ஜவ்வாது மலையில் காவலூர் பக்கம் போய் ஸ்டாண்டைப் போடுவோம். அங்கேயும் இருட்டு இருக்கிறது. ஆனால் வடக்கே திரும்பினால் வாணியம்பாடி, ஆம்பூர் வெளிச்சம் மேகத்தில் ஏறி நிற்கும், ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் உயரமாக. புரட்டாசியில் முகூர்த்தம் குறைவு, லடாக்கில் மழை மேகம் விலகியிருக்கும், மகாளய அமாவாசையும் அந்த மாதத்தில்தான் வரும். இது மூன்றும் சேர்வதால் அந்த வாரத்தைத் தேர்ந்தெடுத்தோம். பெங்களூரு, புனே, சென்னை என்று பல ஊர் ஆட்கள் பேசிவைத்துக்கொண்டு ஒரே ஊரில் இரண்டு மூன்று வீடுகளில் தங்கினோம்.

ஹன்லே ஏன் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் கண்காணிப்பகம் அங்கே 4,500 மீட்டர் உயரத்தில் ஒரு குன்றின் மேல் இருக்கிறது. சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரைத் தாங்கிய 2 மீட்டர் டெலஸ்கோப் 2000-இல் அங்கே வந்தது. அதைப் பெங்களூருக்குப் பக்கத்தில் ஹொசகோட்டேயில் உட்கார்ந்துகொண்டு செயற்கைக்கோள் இணைப்பு வழியாக இயக்குகிறார்கள். 2022 டிசம்பரில் அந்தக் கண்காணிப்பகத்தைச் சுற்றியுள்ள 1,073 சதுர கிலோமீட்டரை, இரவு வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தி வானத்தை இருட்டாகவே வைத்திருக்கும் இருண்ட வானக் காப்பகமாக அறிவித்தார்கள். நாட்டிலேயே இந்த வகையில் இதுதான் முதல் காப்பகம். நுங்கம்பாக்கத்தில் 1792-இல் கட்டிய மெட்ராஸ் கண்காணிப்பகத்தின் வழியில் வந்த நிறுவனம் இது. காவலூர் கண்காணிப்பகமும் அவர்களுடையதுதான். அதனால் எனக்கு ஹன்லே அவ்வளவு அந்நியமாகத் தெரியவில்லை.

லேயிலிருந்து சுமார் 250 கிலோமீட்டர். சிந்து நதியை ஒட்டியே பெரும்பாதி வழி போகிறது. லோமாவில் சோதனைச் சாவடி; அனுமதிச் சீட்டை லேயிலேயே வாங்கி, நகல் நாலைந்து எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் பிரீபெய்டு சிம் லடாக்கில் எடுக்காது, போஸ்ட்பெய்டுதான். லேயில் குறைந்தது இரண்டு இரவு சும்மா படுத்துக் கிடந்துவிட்டுத்தான் ஹன்லேவுக்கு ஏற வேண்டும். இதில் யாரும் துணிச்சல் காட்டாதீர்கள். ஹன்லே ஊரே 4,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் மூன்று பங்குதான். எங்களோடு வந்த ஒருவர் லேயில் ஓய்வை ஒரு நாளாகக் குறைத்துக்கொண்டார். முதல் இரவு முழுக்கத் தலைவலியும் வாந்தியுமாக அறைக்குள்ளேயே இருந்தார். வெளியே அப்படியொரு வானம்.

சரி, நாங்கள் தங்கிய வீட்டுக்கு வருகிறேன். ஆளுக்கு ஓர் இரவுக்கு 2,000 ரூபாய், காலைச் சாப்பாடும் இரவுச் சாப்பாடும் சேர்த்து. மண் சுவர், தரையில் கம்பளம், நடுக்கூடத்தில் புகாரி அடுப்பு. சாணமும் குச்சியும் போட்டு எரிக்கிறார்கள். சாப்பாடு சோறு, பருப்பு, ஒரு காய், கேட்டால் துக்பா என்கிற நூடுல்ஸ் சூப். இரவு இரண்டு மணிக்குக் கை விறைத்துப்போய் உள்ளே வந்தால் அடுப்பு மேல் பெரிய கெட்டிலில் வெந்நீர் இருக்கும், பக்கத்தில் பிளாஸ்கில் டீ. யாரும் கேட்காமல் வைத்தது. உப்பும் வெண்ணெயும் போட்ட டீயும் தருவார்கள். அந்தக் குளிருக்கு அது நன்றாகவே இறங்குகிறது.

நான் இந்த வீட்டுக்கு முழு மதிப்பெண் தருவது சாப்பாட்டுக்காக அல்ல, வெளிச்சத்துக்காக. பொழுது சாய்ந்ததும் வீட்டு அம்மா ஒவ்வொரு ஜன்னலாகப் போய்த் தடித்த திரையை இழுத்துவிடுவார். அப்புறம் வெளியே போய், முற்றத்தில் நின்று, வீட்டையே ஒரு சுற்றுப் பார்ப்பார். எங்கள் அறை ஜன்னலில் திரைக்கும் சட்டத்துக்கும் நடுவே விரல் அளவு இடைவெளி இருந்தது. உள்ளே வந்து ஒரு துண்டை மடித்து அதில் செருகிவிட்டு, மறுபடி வெளியே போய்ப் பார்த்துவிட்டுத்தான் சமையலறைக்குத் திரும்பினார். வாசல் விளக்கு மஞ்சள் பல்பு, மேலே வெளிச்சம் போகாதபடி தகர மூடி. ஊர் முழுக்க இப்படித்தான். படமெடுக்கிறவனுக்கு இதைவிடப் பெரிய உபசாரம் கிடையாது. நட்சத்திர ஹோட்டலில் பத்தாயிரம் கொடுத்தாலும் இது கிடைக்காது.

இரவில் டெலஸ்கோப் காட்டவும் வழிகாட்டவும் உள்ளூர்க்காரர்கள் 24 பேருக்கு இந்திய வானியற்பியல் நிறுவனம் பயிற்சி கொடுத்திருக்கிறது. டெலஸ்கோப்பும் கொடுத்திருக்கிறார்கள், 8 அங்குல டாப்சோனியன். அந்தக் குழுவில் ஒரு பெண் எங்களோடு வந்தார். ஊரில் எல்லாரும் மரியாதையாக அச்சே-லே என்று கூப்பிட்டார்கள், அக்கா என்று அர்த்தம். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். அவர் பேசிய இந்திக்கு வாணியம்பாடிக் கடைத்தெருவில் பழகிய என் உருது கைகொடுத்தது. லேசர் விளக்கை எடுத்து வானத்தில் காட்டவே இல்லை. "பையா, கேமரா ஓடுதா?" என்று ஒவ்வொருவரையும் கேட்டுவிட்டு, ஓடுகிறது என்றால் கையை நீட்டி வாயால் மட்டும் வழி சொன்னார். ஹெர்குலிஸ் பக்கம் எம்13 நட்சத்திரக் கொத்தைத் தேடுகருவியில்லாமல் குழாயை ஒட்டிக் கண்ணை வைத்தே பிடித்தார். மங்கலான பஞ்சுபோல நான் பார்த்துப் பழகிய அது, அங்கே நடு வரைக்கும் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரிந்து நின்றது. இவருக்குத் தனிக் கட்டணம் உண்டு. கேட்டது எனக்குக் குறைவாகவே பட்டது, கூடவே கொடுத்தேன். நீங்களும் கொடுங்கள். இந்த இருட்டு ஊர்க்காரர்களுக்கு வருமானம் தந்தால்தான் அவர்களும் திரையை இழுத்துவிடுவார்கள்.

இனி படமெடுக்கும் விஷயம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

டிராக்கரை அமைப்பதில் முதல் வேலை, அதன் அச்சைத் துருவ நட்சத்திரத்துக்கு நேராகக் கொண்டுவருவது. எங்கள் ஊரில் துருவம் அடிவானத்திலிருந்து 13 பாகைதான். புகைமூட்டத்திலும் மரத்திலும் மறைந்துவிடும். ஹன்லேயில் 33 பாகை உயரத்தில் சுத்தமாக நிற்கிறது, ஒரே பார்வையில் கிடைத்துவிடும். ஆனால் அங்கே சிரமம் வேறு மாதிரி. டிராக்கரில் துருவத்தைக் குறிபார்க்க இருக்கும் சின்னக் குழாயான துருவநோக்கியில் கண்ணை வைக்க மண்டியிட்டுக் குனிய வேண்டும். அந்த உயரத்தில் குனிந்த நிலையில் அரை நிமிடம் இருந்தாலே மூச்சு வாங்கும். மூச்சை விட்டால் கண்ணாடியில் ஆவி படிந்து அங்கேயே உறைந்துவிடும். மூச்சை அடக்கலாம் என்றால் முடியவே முடியாது. எனவே பார்வையைச் செங்கோணத்தில் திருப்பிக் காட்டும் துணைக்கருவி ஒன்றை வாங்கிப் பொருத்திக்கொள்ளுங்கள், அவ்வளவு குனியாமல் மேலிருந்தே பார்க்கலாம். முடிந்தால் இருட்டுவதற்கு முன்பே ஸ்டாண்டின் மட்டத்தைச் சரி செய்துவிடுங்கள். பகலில் காற்று பலமாக அடிக்கும், இரவில் பெரும்பாலும் அடங்கிவிடும். இருந்தாலும் ஸ்டாண்டின் காலை நீட்டாமல் தாழ்வாகவே வைத்து, நடுவில் ஒரு பையில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டேன்.

நான் கொண்டுபோனது ஸ்கைவாட்சர் ஸ்டார் அட்வென்சரர் 2ஐ, அதன்மேல் சாம்யாங் 135 எம்எம் எஃப்/2 லென்ஸ், கல்யாணத்துக்கு எடுத்துப்போகிற அதே ஃபுல் ஃபிரேம் கேமரா. டிராக்கர் நாலு டபுள் ஏ பேட்டரியில் ஓடும். சாதாரண அல்கலைன் பேட்டரி அந்தக் குளிரில் சீக்கிரம் சோர்ந்துவிடும். லித்தியம் டபுள் ஏ போட்டேன், விடியும்வரை இழுத்தது. கேமரா பேட்டரிகளை ஸ்வெட்டருக்கு உள்ளே சட்டைப் பையில் வைத்து, ஒன்று இறங்கியதும் சூடானதை மாற்றினேன். இறங்கியதாகக் காட்டிய பேட்டரியை உள்ளே வைத்துச் சூடேற்றினால் மறுபடி கொஞ்ச நேரம் வேலை செய்யும். தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பவர் பேங்க் 100 வாட்-மணிக்குள் இருக்கட்டும், விமானத்தில் கைப்பையில்தான் எடுத்துப்போக முடியும்.

டிராக்கர் இல்லாமல் 135 எம்எம்-இல் நாலு விநாடி தாண்டினால் நட்சத்திரம் கோடாகிவிடும். டிராக்கரோடு இரண்டு நிமிடம் விட்டேன், எஃப்/2.8, ஐஎஸ்ஓ 1600. முதல் ஃபிரேம் திரையில் வந்ததும் நான் பார்த்தது படத்தை அல்ல, ஹிஸ்டோகிராமை; இடது ஓரம் கறுப்பு, வலது ஓரம் வெள்ளை என்று படத்தின் வெளிச்சத்தை மேடாகக் காட்டும் வரைபடம் அது. ஜவ்வாது மலையில் இதே அமைப்புக்கு அந்த மேடு பாதித் தூரம் வலப்பக்கம் நகர்ந்து வந்துவிடும். அது முழுக்க ஊர் வெளிச்சம். ஹன்லேயில் மேடு இடது ஓரத்திலேயே ஒட்டிக்கொண்டு ஒல்லியாக நின்றது. அதாவது பின்னணி கறுப்பாகவே இருக்கிறது, மங்கலான தூசிக்கு இடம் இருக்கிறது. கார்த்திகைக் கூட்டம் ஒன்பதரை, பத்துக்குக் கிழக்கே ஏறியது. கொஞ்சம் உயரட்டும் என்று காத்திருந்து அதற்கு லென்ஸைத் திருப்பினேன். நீல ஒளிவட்டம் எப்போதும் வருவதுதான். அதையும் தாண்டி, கூட்டத்தைச் சுற்றிப் பழுப்பு நிறத் தூசி கிளைகிளையாகப் பரவியிருந்தது. எங்கள் ஊரில் பல இரவு எடுத்த ஃபிரேம்களை அடுக்கினாலும் ஒரு சந்தேகமாக மட்டுமே தெரிகிற விஷயம், இங்கே ஒற்றை ஃபிரேமில் கண்ணுக்குத் தெரிந்தது.

கேமராவைவிட்டு நிமிர்ந்து பார்க்கவும் நேரம் வையுங்கள். எம்33 என்கிற தொலைதூர விண்மீன் மண்டலம் வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. ஜான் போர்ட்டில் 2001-இல் வகுத்த ஒன்பது படி இருட்டு அளவில் முதல் படிக்கு அவர் சொல்லும் அடையாளங்களில் இதுவும் ஒன்று. விடியலுக்கு முன் கிழக்கே ஒரு வெண்ணிற முக்கோணம் சாய்ந்து எழும். அது விடியல் அல்ல, கோள்களின் தளத்தில் கிடக்கும் தூசியில் சூரிய ஒளி பட்டுச் சிதறுவது. முதல் தடவை பார்க்கிறவர்கள் நேரமாகிவிட்டது என்று நினைத்து மூட்டை கட்டுவார்கள், எங்களில் ஒருவர் அப்படித்தான் எழுந்தார். இன்னொன்று, படத்தில் பச்சையாகப் பட்டை பட்டையாக வந்தால் கேமராவைச் சந்தேகப்படாதீர்கள். வளிமண்டலத்தின் மேலே ஆக்சிஜன் தானாகவே ஒளிர்கிறது. அவ்வளவு இருட்டில்தான் அது தெரியும். எடிட்டிங்கில் அதை முழுக்கத் துடைக்காமல் ஒரு படத்திலாவது விட்டுவைத்தேன்.

வேலை முடிந்து வீட்டுக்குள் போகும்முன் கேமராவைப் பையில் வைத்து ஜிப்பை மூடிவிட வேண்டும். மூடாமல் புகாரி அறைக்குக் கொண்டுபோனால் லென்ஸுக்கு உள்ளேயும் நீர் படியும். கார்டை மட்டும் வெளியிலேயே கழற்றி எடுத்துக்கொள்ளுங்கள்.

குறைகளும் உண்டு. நாங்கள் தங்கிய வீட்டில் சோலார் மின்சாரம். எல்லாரும் மாலையில் ஒரே நேரத்தில் லேப்டாப், சார்ஜர் என்று போட்டதும் இன்வர்ட்டர் நின்றுவிட்டது. அப்புறம் முறை வைத்துக்கொண்டோம். கழிப்பறை லடாக் முறையில் முற்றத்தைக் கடந்து தனியாக இருக்கிறது, மண் தூவுவது, தண்ணீர் கிடையாது. வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள். எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது வேறு விஷயத்தில். லேயில் நாங்கள் பிடித்த வண்டி ஏற்பாட்டாளர், இரவில் முழு ஹெட்லைட் போடக் கூடாது என்று டிரைவரிடம் சொல்லவே இல்லை. இருட்டிய பிறகு வந்து சேர்ந்த வேறொரு கூட்டத்தின் வண்டியும் ஹை பீமோடு மைதானத்தில் திரும்பியது. பத்து, பதினைந்து பேருடைய ஃபிரேம்கள் ஒரே வீச்சில் போயின. அச்சே-லேதான் ஓடிப்போய் டிரைவரிடம் பேசி விளக்கை அணைக்க வைத்தார். பொழுது சாயும்முன் போய்ச் சேருங்கள், முடியாவிட்டால் வழியிலேயே நியோமாவில் தங்கிவிடுங்கள்.

தென்வானத்துக்காகப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹன்லேயில் தென்சிலுவை விண்மீன் கூட்டம் கிடைக்காது, அடிவானத்துக்குக் கீழேயே போய்விடுகிறது. ஒமேகா சென்டாரி நட்சத்திரக் கொத்து காவலூர் பக்கம் 30 பாகை ஏறும், ஹன்லேயில் பத்துப் பாகைகூட ஏறாது. அதற்கெல்லாம் சித்திரை மாதம் ஜவ்வாது மலையே சரி. ஆண்ட்ரோமெடா, எம்33, கார்த்திகை, விடியற்காலையில் திருவாதிரைப் பக்கம் என்று உச்சிக்கு ஏறுகிறவற்றைத்தான் ஹன்லேயில் எடுக்க வேண்டும்.

முன்பதிவு செய்யும்போது வீட்டுக்காரரிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: மாலையில் எத்தனை பிளக் கிடைக்கும், முற்றத்திலிருந்து வடக்கு மறைக்காமல் தெரியுமா, அன்றிரவு யாராவது டெலஸ்கோப் காட்ட வருவார்களா. அமாவாசை வாரத்துக்கு வீடுகள் சீக்கிரம் நிரம்பிவிடுகின்றன. நாங்கள் அடுத்த புரட்டாசிக்கு அதே வீட்டில் முன்பணம் கட்டிவிட்டோம்.