பட்டியலா, உள்ளுணர்வா?

1772-ல், புதிய வேலையை ஏற்பதா வேண்டாமா என்று குழம்பிய ஆங்கிலேய அறிவியலாளர் ஜோசப் பிரீஸ்ட்லிக்கு, அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின் கடிதத்தில் ஒரு வழி சொன்னார். தாளின் நடுவே கோடு போட்டு, ஒருபுறம் சாதகம், மறுபுறம் பாதகம். மூன்று நான்கு நாள் தோன்றத் தோன்ற எழுத வேண்டும். இருபுறமும் சம எடையுள்ளவற்றை அடித்துவிட்டால் மிஞ்சும் பக்கமே முடிவு. இதில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த அவகாசம்தான். முதல் நாள் மலையாகத் தெரிந்த காரணம் மூன்றாம் நாள் சுருங்கிவிடும். மனம் ஏன் மாறியது என்பதும் தாளிலேயே இருக்கும்.

உள்ளுணர்வின் வழி வேறு. 1980-களில் அமெரிக்கத் தீயணைப்பு அதிகாரிகளை ஆராய்ந்த உளவியலாளர் கேரி கிளைன், அவர்கள் பெரும்பாலும் வழிகளை ஒப்பிடுவதே இல்லை என்று கண்டார். பழகிய சூழலை அடையாளம் கண்டு, முதலில் தோன்றுவதை மனதுக்குள் ஓட்டிப் பார்க்கிறார்கள், சரிவராவிட்டால் அடுத்தது. எரியும் வீட்டில் பட்டியலுக்கு ஏது நேரம்?

ஆனால் செய்ததன் பலன் உடனுக்குடன் தெரியும் தொழிலில்தான் அந்தக் கூர்மை வளரும். திருமணமும் வீடு வாங்குவதும் ஓரிரு முறையே வருபவை. அவற்றுக்குத் தாளை எடுங்கள். 'மனசு ஒப்பலை' என்பதையும் அதில் ஒரு வரியாக எழுதிக்கொள்ளலாம்.