"2004 அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி என்னை ஏமாற்றிய பர்கண்டி பாட்டில்

பிரான்சின் பர்கண்டி பகுதியில் செய்யும் பழைய சிவப்பு ஒயினை வாங்கும் எண்ணம் உள்ளவர்கள், அதிலும் பிள்ளை பிறந்த ஆண்டைத் தேடி வாங்குகிறவர்கள், தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். 165 யூரோ கொடுத்து நான் ஏமாந்த கதை இது. பணம் போனதைவிட அந்த நாள் போனதுதான் எனக்கு ஆறவில்லை.

என் மகள் 2004 செப்டம்பர் கடைசியில் பிறந்தவள். பர்கண்டியில் திராட்சை அறுவடை நடந்துகொண்டிருந்த நாட்கள். அப்போது நாங்கள் பாரிஸ் பக்கம் ஒரே ஒரு அறையில் குடியிருந்தோம். பிறந்த ஆண்டு ஒயினை வாங்கிப் பிள்ளைக்கு இருபது வயது ஆகும்வரை வைத்திருக்கும் வழக்கம் இங்கே உண்டு என்பதே எனக்குப் பிறகுதான் தெரியும். தெரிந்தபோது கையில் காசில்லை. அதனால் இருபதாவது பிறந்தநாளுக்காவது ஒரு பாட்டில் திறந்துவிட வேண்டும் என்று பல வருடங்களாக மனதில் வைத்திருந்தேன். 2024 ஆகஸ்டில் அதற்கென்றே ரயில் ஏறி, பர்கண்டியிலுள்ள போன் (Beaune) நகரத்துக்குப் போனேன். பழைய மருத்துவ மடமான ஒத்தெல் தியூ இருக்கிறதே, அந்த ஊர்.

2004 சுலபமான ஆண்டில்லை என்பது தெரிந்தே போனேன். அந்தக் கோடை குளிர்ச்சியும் மழையுமாகக் கழிந்தது. கொடியில் காய் அளவுக்கு மீறிப் பிடித்தது, சாம்பல் நோய் பரவியது, சில இடங்களில் ஆலங்கட்டி மழை வேறு. செப்டம்பரில் அடித்த வெயில்தான் ஓரளவுக்குக் காப்பாற்றியது. சிவப்பு பர்கண்டி செய்யும் பினோ நுவார் தோல் மெல்லிய திராட்சை, இதையெல்லாம் தாங்காது. பல 2004 சிவப்பு ஒயின்களில் ஒரு பச்சை வாசம் இருக்கும். குடைமிளகாயை நறுக்கினால் வருமே, அது. பழத்தோடு சேர்ந்து நசுங்கிய பொறிவண்டுகள்தான் காரணம் என்று ஒரு சாரார் சொல்வார்கள், காய் சரியாகப் பழுக்காததுதான் என்று இன்னொரு சாரார் சொல்வார்கள். அடுத்த ஆண்டான 2005 அமோகமாக அமைந்துவிட்டதால் 2004ஐ யாரும் பெரிதாகத் தேடுவதில்லை. ஆனால் நல்ல விவசாயி செய்து, நல்ல நிலவறையில் இருந்த 2004 இன்றும் குடிக்க இனிமையாக இருக்கும். அதை நம்பித்தான் போனேன்.

கடைத்தெருவில் பழைய ஒயின்களுக்கென்றே இருக்கும் ஒரு கடை. பெயர் சொல்லப் போவதில்லை. கடைக்காரர் மரியாதையாகப் பேசினார். மகளுக்காக என்றதும் முகம் மலர்ந்தது. "2004 பலருக்குப் புரியாத ஆண்டு, இப்போதுதான் கனிந்திருக்கிறது" என்றார். பொம்மார் கிராமத்தில் உயர்தரம் என்று வகைப்படுத்திய வயலின் ஒயின் (பிரமியே க்ரூ) ஒன்று இருப்பதாகவும், பாட்டிலில் அடைத்த நாளிலிருந்து அது இந்த ஊரைவிட்டு வெளியே போனதில்லை என்றும் சொன்னார். கல்லாவுக்குப் பின்னால் ஒரு கண்ணாடிக் குடுவையில் ஏற்கெனவே ஊற்றி வைத்திருந்த ஒயினில் கொஞ்சம் கிளாஸில் கொடுத்து, "இதேதான், ருசி பாருங்கள்" என்றார். அருமையாக இருந்தது. நிறம் தெளிவாக, பழம் நிறைந்து, நாக்கில் இதமாக. பச்சை வாசம் மருந்துக்கும் இல்லை. அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். இருபது வயது 2004இல் அத்தனை இளமையான பழம் எப்படி வரும்? எந்தப் பாட்டிலிலிருந்து குடுவையில் ஊற்றினீர்கள், காட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. கனிவாகப் பேசுகிற ஒரு மனிதரிடம் அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைத்துவிட்டேன்.

உள்ளே போய்ப் பாட்டிலை எடுத்து வந்தார். முன்பக்க லேபிளை மட்டும் ஒரு கணம் காட்டிவிட்டு, மெல்லிய தாளில் சுற்றி, மரப்பெட்டியில் வைத்து, ரிப்பனும் கட்டிவிட்டார். பில்லை வாங்கிச் சட்டைப்பையில் வைத்தேன். வீட்டில் வந்து பார்த்தால் அதில் "பொம்மார், 1, 165 யூரோ" என்று மட்டும் இருக்கிறது. ஆண்டும் இல்லை, தயாரிப்பாளர் பெயரும் இல்லை. இது எவ்வளவு பெரிய பிழை என்பது பிறகுதான் தெரிந்தது.

பிறந்தநாளுக்கு இரண்டு நாள் முன்னால், வண்டல் அடியில் படியட்டும் என்று பாட்டிலை நிமிர்த்தி வைக்கப் பெட்டியைத் திறந்தேன். தாளைப் பிரித்ததும் முதலில் கண்ணில் பட்டது ஒயினின் மட்டம். பர்கண்டி பாட்டிலுக்குத் தோள் கிடையாது, கழுத்திலிருந்து அப்படியே சரிந்து இறங்கும். அதனால் தக்கைக்குக் கீழே எத்தனை சென்டிமீட்டர் காலி என்று அளப்பார்கள். இருபது வயதுப் பாட்டிலில் இரண்டு, மூன்று இருந்தால் இயல்பு. ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், ஆறு. கழுத்து உறையின் விளிம்பில் விரல் ஒட்டியது. ஒயின் கசிந்து காய்ந்து பாகு மாதிரி இறுகியிருந்தது.

பிறகு பின்பக்கத்தைத் திருப்பினேன். லேபிளுக்குக் கீழே ஒரு ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்த தடம். பசை இன்னும் இருந்தது. ஓரத்தில் நகத்தளவு தாள் மிச்சம், அதில் ஆங்கிலத்தில் பொடி எழுத்து. கர்ப்பிணிகள் மது அருந்தக் கூடாது என்ற அரசு எச்சரிக்கையின் கடைசி வார்த்தைகள். அமெரிக்காவில் விற்கும் ஒவ்வொரு மது பாட்டிலிலும் 1989 முதல் இருந்தே ஆக வேண்டிய வாசகம் அது. உறையின் உச்சியையும் பார்த்தேன். அந்தக் காலத்தில் பிரான்சுக்குள் விற்பனைக்குப் போகும் இந்த ரக ஒயினுக்குப் பச்சை வட்டத்துக்குள் பிரெஞ்சுக் குடியரசின் சின்னப் பெண்ணான மரியானின் முகத்தை அச்சிட்டிருப்பார்கள், வரி கட்டியதற்கான அடையாளம். ஏற்றுமதிக்குப் போவதில் பெரும்பாலும் இருக்காது. இதில் இல்லை. ஊரைவிட்டே போகாத பாட்டில் என்றார் அல்லவா? அது அட்லாண்டிக் கடலைத் தாண்டிப் போய், யார் யார் கிடங்கிலோ இருந்து, திரும்பி வந்திருக்கிறது. திரும்பி வந்த பாட்டிலை விற்பது குற்றமில்லை. அதை மறைக்க ஸ்டிக்கரைச் சுரண்டிவிட்டுப் பொய் சொல்வதுதான் குற்றம்.

ஆனாலும் ஒரு நப்பாசை. நாள் வந்தது, திறந்தேன். தக்கை நடுவில் உடைந்தது. உடைந்த துண்டு அடியிலிருந்து மேல்வரை ஊறிக் கறுத்திருந்தது. கிளாஸில் ஊற்றினால் பால் விடாத டீ மாதிரி பழுப்பு, நடுவிலும் சிவப்பு இல்லை. மோந்தால் அடிப்பிடித்த பழ ஜாம், அதற்குப் பின்னால் சோயா சாஸ். வாயில் முதலில் ஒரு வெந்த இனிப்பு, உடனே புளிப்பு, அப்புறம் ஒன்றுமே இல்லை. பழைய ஒயினுக்குக் காற்றுப்பட நேரம் வேண்டும் என்று ஒரு மணி நேரம் காத்திருந்தோம். இன்னும் மோசமானது. என் மகள் கிளாஸைக் கீழே வைக்காமல், "நல்லாத்தான் இருக்குப்பா" என்றாள். எனக்காகச் சொன்னாள். அதை இன்றுவரை மறக்க முடியவில்லை.

மறுநாள் கடைக்குப் போன் செய்தேன். அதே மனிதர், குரல் வேறு. "2004 கஷ்டமான ஆண்டு ஐயா, தெரிந்துதானே வாங்கினீர்கள்? அந்த ஆண்டு அப்படித்தான் இருக்கும். இருபது வருட ஒயினுக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது." விற்கும்போது கனிந்த ஆண்டு, விற்ற பிறகு கஷ்டமான ஆண்டு. இந்த இடத்தைத்தான் எல்லோரும் குறித்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆண்டின் பெயர் கெட்டிருப்பது இப்படிப்பட்ட கடைக்காரர்களுக்கு வசதி. கெட்டுப்போன எந்தப் பாட்டிலையும் அதன் தலையில் கட்டிவிடலாம்.

எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, ஒருவேளை 2004 என்றாலே இதுதானோ என்று. அப்போதுதான் ஒரு நண்பரிடம் சொன்னேன். யாழ்ப்பாணத்துக்காரர், பாரிஸ் உணவகம் ஒன்றில் பாத்திரம் கழுவுவதில் தொடங்கி இன்று அதன் ஒயின் நிலவறையையே பார்த்துக்கொள்பவர். அடுத்த ஞாயிறு வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு வொல்னே, அதே 2004. பொம்மாரை ஒட்டிய பக்கத்துக் கிராமம்தான். 2007இல் வாங்கி அன்றிலிருந்து நிலத்தடியில் வைத்திருந்தது. முதலில் என் தக்கையையும் பாட்டிலில் மிச்சமிருந்ததையும் மோந்து பார்த்தார்.

"தம்பி, இது வருசத்தின்ர பிழை இல்லை. வச்ச இடத்தின்ர பிழை. பச்சை மணம் வந்தா வருசம். வெந்த மணம் வந்தா வச்ச ஆள்."

பிறகு தன்னுடையதைத் திறந்தார். தக்கையின் அடியில் மட்டும் இரண்டு மில்லிமீட்டர் கறை. கிளாஸில் ஊற்றியதும் வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது. விளிம்பில் செங்கல் நிறம் தட்டியிருந்தாலும் நடுவில் சிவப்பு உயிரோடு இருந்தது, கிளாஸுக்கு அடியில் வைத்த பேப்பரின் எழுத்தைப் படிக்கும் அளவுக்குத் தெளிவு. மோந்தால் முதலில் அந்தப் பச்சை. மறைக்கவில்லை, அப்படியே வந்தது. பட்டாணி உரிக்கும்போது வரும் வாசம் என்றாள் மகள், மிகச் சரி. பத்து நிமிடத்தில் அது பின்வாங்கி, மழை விட்ட தோட்டத்து இலை வாசமும், அதற்கு அடியில் புளிப்புச் செர்ரியும் வந்தன. வாயில் மெலிவுதான், கனம் இல்லை. பின்னால் கொஞ்சம் கறார். ஆனால் புளிப்பு சுத்தமாக இருந்தது, விழுங்கிய பிறகும் சுவை நின்றது. மெலிந்தவர்தான், நோயாளி இல்லை. கஷ்டமான ஆண்டின் முதிர்ந்த பர்கண்டி என்றால் இதுதான். என் மகள் பிறந்த ஆண்டின் மழையும் செப்டம்பர் வெயிலும் இரண்டுமே அந்தக் கிளாஸில் இருந்தன.

சூடு என்ன செய்யும் என்று அவர் விளக்கியதைச் சொல்லிவிடுகிறேன். பாட்டில் சூடானால் ஒயின் விரிந்து தக்கையைத் தள்ளும், பக்கவாட்டில் கசியும். குளிர்ந்தால் சுருங்கி, போன இடத்தில் காற்றை உள்ளே இழுக்கும். இது சில தடவை நடந்தால் போதும், மட்டம் இறங்கும், தக்கை ஊறும், நிறம் பழுப்பாகும். மழையிலும் குளிரிலும் விளைந்த ஆண்டு பச்சையைத் தரலாம், நீர்த்துப்போன சுவையைத் தரலாம். வெந்த ஜாமை அது தராது.

பெரிய இடங்களிலும் பொய் இப்படித்தான் பிடிபடுகிறது. 2008இல் நியூயார்க் ஏலம் ஒன்றில் பர்கண்டியில் ஒயின் செய்யும் பொன்சோ குடும்பத்தின் க்ளோ சேன் தெனி ஒயின் என்று 1945இலிருந்து பல ஆண்டுப் பாட்டில்கள் வந்தன. அந்தக் குடும்பம் அந்த ஒயினைச் செய்யத் தொடங்கியதே 1980களில்தான். லொரான் பொன்சோ நேரிலேயே போய் அவற்றை ஏலத்திலிருந்து எடுக்க வைத்தார். அவற்றை ஏலத்துக்குக் கொடுத்த ரூடி குர்னியாவானுக்குப் போலி ஒயின் மோசடிக்காக 2014இல் பத்தாண்டுச் சிறை. என் பாட்டில் போலி என்று நான் சொல்லவில்லை. லேபிளும் ஒயினும் உண்மையாகவே இருக்கலாம். அதன் வரலாறுதான் பொய்.

நீங்கள் வாங்கப் போனால், சுற்றுவதற்கு முன் பாட்டிலைக் கையில் வாங்குங்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து நிறத்தையும் மட்டத்தையும் பாருங்கள், பின்பக்கத்தைத் தடவிப் பாருங்கள், உறையின் உச்சியைப் பாருங்கள். ருசிக்குக் கொடுத்தால் அது எந்தப் பாட்டில் என்று கண்ணால் பார்க்காமல் நம்பாதீர்கள். பில்லில் கிராமம், தயாரிப்பாளர், ஆண்டு மூன்றும் எழுதச் சொல்லுங்கள். எங்கே இருந்த பாட்டில் என்று அவர் வாயால் சொன்னதையும் அதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் வெளியே வந்துவிடுங்கள். இன்னொன்று, இணையத்தில் வாங்கினால் பதினான்கு நாளுக்குள் திருப்பி அனுப்பும் உரிமை உண்டு, கடையில் நேரில் வாங்கினால் அது கிடையாது. பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள், நானும் குழப்பிக்கொண்டிருந்தேன். நேரில் வாங்கினாலும், சொன்னதற்கு மாறான பொருளைக் கொடுத்தால் கேட்க இரண்டு ஆண்டுச் சட்ட உத்தரவாதம் இருக்கிறது.

நான் ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால் அனுப்பினேன், மட்டம், ஸ்டிக்கர் மிச்சம், தக்கை எல்லாவற்றின் படங்களோடும். அரசின் நுகர்வோர் புகார் இணையதளமான சிக்னல்கோன்சோவிலும் புகாரைப் பதிந்தேன். கடையிலிருந்து வந்த பதில் இரண்டு வரி, அடுத்த முறை வாங்கும்போது 60 யூரோ தள்ளுபடி தருகிறார்களாம். மறுத்து எழுதிவிட்டேன். பில்லில் ஆண்டு இல்லாததால் நான் காட்டும் பாட்டில் அவர்கள் விற்றதே இல்லை என்றுகூடச் சொல்லப் பார்த்தார்கள். நல்ல வேளையாக மரப்பெட்டியின் மூடியில் கடைக்காரர் தன் கையெழுத்தால் மகளின் பெயரையும் 2004 என்பதையும் எழுதிக் கொடுத்திருந்தார். அந்தப் படத்தையும் சேர்த்து இப்போது நுகர்வோர் சமரச அலுவலரிடம் கொடுத்திருக்கிறேன். காலி பாட்டில், இரண்டு துண்டுத் தக்கை, உறை எல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளேயே பத்திரமாக இருக்கின்றன. பதில் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.