பெங்களூருவில் ஈஃபிஸ் வாங்கி ஏமாந்தேன்: சொந்தமாக விமானம் கட்டுவோர் கவனத்திற்கு

புத்தம் புதியது என்று சொல்லி என்னிடம் 6,40,000 ரூபாய்க்கு விற்கப்பட்ட ஈஃபிஸ் என்னும் மின்னணு விமானக் கருவித் தொகுதி, அமெரிக்காவில் தரையில் மோதிய ஒரு விமானத்திலிருந்து கழற்றப்பட்டது என்பதைப் பணம் கொடுத்து ஐந்து மாதங்கள் கழித்தே அறிந்தேன். அதே விற்பனையாளரிடம் அதே வகையில் இன்னொரு திரையும் இருந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அது இன்னொருவர் விமானத்தில் ஏறிவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பீன்யாவில் ஒரு வாடகைக் கொட்டகையில், என் மைத்துனரும் நானும் நான்கு ஆண்டுகளாக இரண்டு இருக்கைகள் கொண்ட அலுமினிய விமானம் ஒன்றை, பாகங்களாக வரும் ‘கிட்’ தொகுப்பிலிருந்து கட்டி வருகிறோம். இன்ஜின் ரோட்டாக்ஸ் 912 யுஎல்எஸ், 100 குதிரைத்திறன். வேகமானி, உயரமானி, செயற்கை அடிவானம், திசைகாட்டி, இன்ஜின் மானிகள் எல்லாவற்றையும் தனித்தனியாக வாங்கிப் பொருத்துவதைவிட, அனைத்தையும் ஒரே திரையில் காட்டும் ஈஃபிஸ் எடையையும் வயரிங் வேலையையும் குறைக்கும் என்பதால் அதைத் தேர்ந்தோம். அந்த முடிவு தவறில்லை என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் திரையின் அழகையும் அளவையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்த நாங்கள், அதன் உயிர்நாடியான ஏஹார்ஸ் பெட்டியைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. விமானம் எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதைச் சின்னஞ்சிறு ஜைரோக்கள், முடுக்கமானிகள், காந்த உணரிகள் ஆகியவற்றைக் கொண்டு கணக்கிடுவது அந்தப் பெட்டிதான்; திரை அது சொல்வதை வரைந்து காட்டுகிறது, அவ்வளவே.

விற்பனையாளர் தமிழ் பேசினார். பெங்களூருவில் வாழும் தமிழருக்கு அது எவ்வளவு பெரிய நம்பிக்கையைத் தரும் என்று சொல்லத் தேவையில்லை. அமெரிக்கத் தயாரிப்பு என்றும், இரண்டாண்டு உத்தரவாதம் உண்டு என்றும், டிஎஸ்ஓ எனப்படும் அமெரிக்க விமானத் துறையின் தரச் சான்று பெற்றது என்றும் கூறி, ஒரு சான்றிதழ் நகலையும் கொடுத்தார். அதைப் பின்னர் நிதானமாகப் படித்தபோது அதில் இருந்த எண் டிஎஸ்ஓ-சி112. அது தொகுதியோடு வந்த டிரான்ஸ்பாண்டருக்கு (தரையிலுள்ள ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் கருவி) உரிய தரக் குறியீடு, திரைக்கோ ஏஹார்ஸுக்கோ அதனோடு எந்தத் தொடர்பும் இல்லை. சொந்தமாகக் கட்டும் விமானங்களுக்கென விற்கப்படும் ஈஃபிஸ்கள் பலவற்றுக்கு டிஎஸ்ஓ சான்று இருப்பதில்லை, அது குற்றமும் அல்ல. இல்லாத சான்றை இருப்பதாகக் காட்டியதுதான் குற்றம்.

பெட்டி வந்தபோது முத்திரை நாடா ஏற்கெனவே கிழிக்கப்பட்டு ஒட்டப்பட்டிருந்தது. கேட்டதற்கு, “சார், அது கஸ்டம்ஸ்ல பிரிச்சது, நாங்க கையே வைக்கல” என்றார். நம்பினேன். உள்ளே இருந்த நான்கு புகைப்போக்கி வெப்ப உணரிகளில் இரண்டின் நுனி, சூடேறி ஆறிய எஃகில் படியும் நீலமும் பழுப்பும் கலந்த நிறத்தில் இருந்தது. புதிய உணரியின் நுனி பளபளவென்று இருக்கும். நெருப்பைக் கண்டால்தான் அந்த நிறம் ஏறும். மைத்துனர் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “மாமா, இது ஓடின சாமான் மாதிரி இருக்கு” என்றார். தொழிற்சாலையில் சோதித்திருப்பார்கள் என்று நான் அவரை அடக்கினேன். அன்றே நிறுத்தியிருக்க வேண்டும்.

இரண்டாவது அறிகுறி வயரிங்கின்போது வந்தது. ரோட்டாக்ஸ் 912 இன்ஜினில் சிலிண்டர் தலை வெப்பத்தை அளக்க 2, 3 ஆகிய சிலிண்டர்களில் மின்தடை வகை உணரிகள் உள்ளன. எங்களுக்கு வந்திருந்ததோ லைகாமிங் போன்ற இன்ஜின்களில் திருகிப் பூட்டும் தெர்மோகப்பிள் வகை, அதாவது வெப்பத்துக்கேற்ப மின்னழுத்தம் தரும் உணரி. இவற்றுள் ஒன்றுக்காக அமைத்த இணைப்பு மற்றதைச் சரியாகப் படிக்காது. “இது எல்லா இன்ஜினுக்கும் பொது” என்பது அவருடைய பதில். உண்மையில், வேறொரு விமானத்தின் முழு வயரிங்கையும் அப்படியே உருவி எங்களிடம் தள்ளியிருக்கிறார்.

பெங்களூருவின் ஜக்கூர் விமானத் தளத்தில் பறக்கும் நண்பர் ஒருவரின் அறிவுரைப்படி, விமானத்தில் பொருத்துமுன் ஏஹார்ஸைச் சோதித்தோம். தடித்த பலகை ஒன்றில் அதைத் திருகி, ரசமட்டம் வைத்துச் சமன்செய்து, பத்து நிமிடம் சூடேற விட்டு, கையேட்டின்படி சமநிலையைப் பதிவுசெய்தோம். பிறகு பலகையை 20 டிகிரி வலப்புறம் சாய்த்துச் சிறிது நேரம் பிடித்திருந்து, மீண்டும் சமத்திற்குக் கொண்டுவந்தோம். ரசமட்டத்தின் குமிழ் நடுவில் நின்றது. திரையின் அடிவானமோ 6 டிகிரி இடப்புறச் சாய்வைக் காட்டியபடி ஒன்பது நிமிடம் அசையாமல் இருந்தது. மூன்று நாள் திரும்பத் திரும்பச் செய்தும் அதே பிழை. 90 நாட் (மணிக்கு ஏறத்தாழ 167 கி.மீ.) வேகத்தில் 6 டிகிரி சாய்வோடு பறக்கும் விமானம் ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ 75 டிகிரி திரும்பிவிடும். திரையை நம்பும் விமானியோ நேராகப் போவதாகவே நினைத்திருப்பார். டிசம்பர், ஜனவரி காலைகளில் பெங்களூருவின் வடபுறத்தில் இறங்கும் மூடுபனியில் அறியாமல் சிக்கிய ஒருவருக்கு இந்தப் பிழை என்ன செய்யும் என்பதை எண்ணி அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

பிழையை விளக்க ஆதாரம் வேண்டுமென்று, கருவியின் தரவுப் பதிவை ஒரு பென் டிரைவில் இறக்கிக் கணினியில் திறந்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. நொடிக்கு ஒரு வரியாக எண்கள். இடம்: வடக்கு 33 டிகிரி, மேற்கு 112 டிகிரி, அதாவது அரிசோனா. வேகம், உயரம், இன்ஜின் சுற்று எல்லாம் ஒரு தரையிறக்கத்தை நோக்கி ஒழுங்காகக் குறைந்துகொண்டே வருகின்றன. ஒரு வரியில் செங்குத்து முடுக்கம் 4.6 ஜி, அதாவது புவியீர்ப்பைப் போல 4.6 மடங்கு. அடுத்த சில வரிகளில் இன்ஜின் சுற்று பூஜ்யம், வேகம் பூஜ்யம். அதற்கடுத்த வரியின் தேதி ஏழு மாதங்கள் கழித்து; இடம் வடக்கு 12.9, கிழக்கு 77.6. பெங்களூரு. கருவியின் மொத்த ஓட்டம் 212 மணி என்று அமைப்புப் பக்கத்திலேயே எழுதியிருந்தது, நான்தான் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கவில்லை. அந்த விமானத்தில் இருந்தவர்கள் பிழைத்தார்களா என்பதை அந்த எண்கள் சொல்லவில்லை.

வரிசை எண்ணை எழுதிக் கேட்டதும், தயாரிப்பாளர் இரண்டே நாளில் பதில் அனுப்பினார்: நான்காண்டுகளுக்கு முன் வேறொருவருக்கு விற்கப்பட்டது, உத்தரவாதம் முடிந்துவிட்டது. ஒரு மின்னஞ்சல், செலவில்லாத வேலை. முன்பணம் கொடுக்குமுன் அதைச் செய்திருந்தால் இந்தப் பதிவே இருக்காது. விற்பனையாளர் முதலில் தமக்கே தெரியாது என்றார், பிறகு 1,50,000 ரூபாய் திருப்பித் தருவதாகச் சொன்னார், பிறகு தொலைபேசியை எடுப்பதை நிறுத்திவிட்டார். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே ஆணையத்தில் புகார் தரலாம்; கால வரம்பு இரண்டாண்டு. 1915 என்ற தேசிய உதவி எண்ணில் வழி கேட்டுக்கொண்டு, மனுவைத் தாக்கல் செய்திருக்கிறேன். பில்லில் “புதியது” என்று எழுதி வாங்காதது என் தரப்பின் பெரிய ஓட்டை. பில்லில் வரிசை எண்ணும் இல்லை. உங்கள் பில்லில் இவை இரண்டும் இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

என்னிடம் வந்த தொகுதி சாட்சியமாகப் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. அவரிடம் நான் பார்த்த இன்னொரு திரை பத்து அங்குல அளவுடையது. திரைச் சட்டகத்தின் இடது மேல் திருகில் துளை தேய்ந்து வட்டமாகியிருக்கும், பின்புறம் வரிசை எண் ஒட்டி சற்றுச் சாய்ந்து, அதன் கீழே பழைய ஒட்டியின் பசைக் கறை தெரியும். பெங்களூருவிலோ ஓசூரிலோ அப்படியொரு திரையை யாராவது உங்களிடம் காட்டினால், உடனே அதை இயக்கி, அமைப்புப் பக்கத்தில் மொத்த ஓட்ட மணியைப் பாருங்கள். தரவுப் பதிவை இறக்கிப் பார்க்க விற்பனையாளர் மறுத்தால், அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.