ஒரே தாளில் ரோஜாவா, ஐந்து தாளில் குசுதாமாவா? பரிசுக்கு எது தாங்கும்?

காகிதம் மடிக்கும் கலையான ஓரிகாமியில் பூ செய்து யாருக்காவது பரிசாகக் கொடுக்கலாம் என்று கிளம்பினால், கொஞ்ச நாளில் இரண்டு பூக்களுக்கு நடுவில் வந்து நிற்போம். ஒன்று கவாசாகி ரோஜா: ஒரே சதுரத் தாள், வெட்டு கிடையாது, பசை கிடையாது. இன்னொன்று குசுதாமா பூ: ஐந்து சிறு சதுரங்களை ஐந்து இதழ்களாக மடித்துப் பசையால் ஒட்டுவது. பெரியப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்குப் பரிசு செய்ய உட்கார்ந்தபோது எனக்கும் இதே கேள்விதான். குசுதாமா பக்கம் சாய்ந்தேன், இப்போதும் அந்தப் பக்கம்தான். நடுநிலையான தீர்ப்பை எதிர்பார்த்து மேலே படிக்க வேண்டாம்.

ஓரிகாமியில் செய்கிற டூலிப்பையும் லில்லியையும் கணக்கில் சேர்க்கவில்லை. டூலிப் குழந்தைகளோடு உட்கார்ந்து செய்ய அருமையானது. அடியில் ஊதி உப்ப வைக்கிற வேலைக்குப் போட்டி போடுவார்கள். லில்லியின் நான்கு இதழ்களையும் பென்சிலில் சுருட்டி விட்டால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் மேடையேறிக் கொடுக்கிற பரிசுக்கு இரண்டும் கொஞ்சம் சின்ன விஷயமாகப் பட்டது. சுருக்கம் சுருக்கமாக இருக்கும் கிரேப் பேப்பரில் செய்த பூ அசல் பூவுக்கு இன்னும் நெருக்கமாக வரும். அது வெட்டி, இழுத்து, கம்பியில் சுற்றுகிற வேறு வேலை. ஈரக் கை பட்டால் சாயமும் விடும்.

பார்வைக்கு ரோஜாதான் முதலிடம், அதில் வாதமே இல்லை. அதை உருவாக்கிய தொஷிகாசு கவாசாகி ஒரு ஜப்பானியக் கணித அறிஞர். தாள் தட்டையாக மடங்க வேண்டுமென்றால், ஒரு புள்ளியைச் சுற்றி மடிப்புகள் உண்டாக்கும் கோணங்களை ஒன்று விட்டு ஒன்றாகக் கூட்டும்போது 180 பாகை வர வேண்டும் என்கிற தேற்றம் அவர் பெயரில்தான் இருக்கிறது. ரோஜாவிலும் அந்தக் கணக்கு மூளை தெரியும். முதலில் தாள் முழுக்கக் கட்டம் கட்டமாக மடிப்புத் தடம் போட்டுக்கொள்ள வேண்டும். அப்புறம் நடுவில் பிடித்து முறுக்க வேண்டும். முறுக்கு விழும் வரை கையில் இருப்பது கசங்கிய தாள்தான், விழுந்த அடுத்த நொடி ரோஜா. அடிப்பக்க மூலைகளை ஒன்றுக்குள் ஒன்று செருகிப் பூட்டி, இதழ் நுனிகளைப் பல்குச்சியில் சுருட்டினால் வேலை முடிந்தது.

சிக்கல் அந்தத் தடங்களில் இருக்கிறது. புள்ளிக் கோலத்தில் ஒரு புள்ளி தள்ளி விழுந்தது மாதிரி, ஒரு தடம் விலகினால் முறுக்கு கோணிக்கொண்டு நிற்கும். 15 செ.மீ. தாளில் ஆரம்பித்தால் உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு பூ கிடைக்கும். கொத்தாகக் கொடுக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு பூவுக்கும் அதே முழுக் கவனம் வேண்டும். கூட யாரையும் சேர்த்துக்கொள்ளவும் முடியாது, புதிதாக மடிப்பவர் கைக்கு இது வசப்பட நாளாகும்.

குசுதாமாவில் கற்றுக்கொள்ள வேண்டியது ஒரே ஒரு இதழ். சதுரத்தை முக்கோணமாக்கி, இரு மூலைகளையும் உச்சிக்கு மடித்து, அந்தச் சிறகுகளைப் பிரித்து அமுக்கி, நீண்டிருக்கும் நுனியை உள்ளே மடக்கி, ஓரங்களைச் சேர்த்து ஒட்டினால் கூம்பு போல ஓர் இதழ் வரும். ஐந்து இதழ் சேர்ந்தால் ஒரு பூ. பன்னிரண்டு பூக்களைச் சேர்த்து ஒட்டினால் உருண்டை. அந்தக் காலத்து ஜப்பானில் மருந்து மூலிகைகளும் நறுமணப் பொருள்களும் பூக்களும் சேர்த்துக் கட்டித் தொங்கவிட்ட உருண்டைகளின் வழியில் வந்தது இது.

பன்னிரண்டை ஐந்தால் பெருக்கிப் பாருங்கள், அறுபது. அறுபதாம் கல்யாணத்துக்கு அறுபது தாள்! இதைவிடப் பொருத்தம் பார்க்க ஜோசியரிடம்தான் போக வேண்டும். பெரியப்பாவிடம் சொன்னதும் நம்பாமல் இதழ்களை எண்ணத் தொடங்கிவிட்டார். தாள் கணக்கும் வசதியாக அமைகிறது. ஏ4 தாளில் 7 செ.மீ. சதுரங்கள் பன்னிரண்டு வெட்டலாம், ஆக ஐந்து ஏ4 தாளில் முழு உருண்டைக்கும் ஆகிவிடும். முடிந்த உருண்டை ஒரு சாணைவிடச் சிறியதாக இருக்கும். என் சித்தி மகளும் அவள் பிள்ளைகளும் ஆளுக்குக் கொஞ்சம் மடித்தார்கள். ஓரிரு இதழ் சற்றுக் கோணினாலும் கூட்டத்தில் தெரியாது.

இதெல்லாம் செய்கிற வரைக்கும்தான். பரிசு என்றால் அது இன்னொருவர் வீட்டில் காலம் தள்ள வேண்டும். மண்டபத்தில் எல்லோரும் அழகு அழகு என்றபோது பெரியம்மா மட்டும், "நல்லாத்தான் இருக்குடி, இதை எப்படித் துடைக்கிறது?" என்று கேட்டார். என்னைக் கேட்டால், காகிதப் பூவைத் தேர்ந்தெடுக்க இந்த ஒரு கேள்வி போதும்.

பெரியப்பா வீடு திருவான்மியூரில், கடற்காற்று தாராளமாக வரும் இடம். தாள் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும், இழைகள் ஊறினால் மடிப்பின் பிடி தளரும். ரோஜா நிற்பதே அந்தப் பிடியை நம்பித்தான். மாதிரிக்குச் செய்த ரோஜாக்கள் என் அலமாரியில் இருக்கின்றன. மழைக்காலம் போனதும் அவற்றின் சுருள்கள் நிமிர்ந்து, அடிப்பூட்டும் லேசாக விட்டுக்கொடுத்திருந்தது. பெரியப்பா வீட்டுக் குசுதாமாவும் அதே மழைக்காலத்தைத் தாண்டியதுதான். இதழ்களின் ஓரம் பசையில் உறைந்திருப்பதால் உருவம் குலையவில்லை.

ரோஜாக்காரர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள், ஈர மடிப்பு. ஜப்பானிய ஓரிகாமிக் கலைஞர் அகிரா யோஷிசாவா பிரபலமாக்கிய முறை. கொஞ்சம் தடித்த தாளை லேசாக நனைத்து மடிப்பார்கள். தாளுக்குள் இருக்கும் பசைப்பொருள் ஈரத்தில் இளகி, காய்ந்ததும் இறுகி, வளைவு அப்படியே நிற்கும். அப்படிச் செய்த ரோஜா நன்றாகவே தாங்குகிறது. ஆனால் இதில் என் பழக்கம் குறைவு, ஒன்றிரண்டை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

அடுத்தது தூசி. ரோஜாவின் சுழலுக்குள் போன தூசி அங்கேயே குடியிருக்கும், எடுக்க வேண்டுமென்றால் சுருளைப் பிரிக்க வேண்டும். குசுதாமா இதழ் வாயகன்ற கூம்பு, வாட்டர்கலர் பிரஷ் உள்ளே போய் வரும். முடி உலர்த்துகிற டிரையரில் சூடில்லாத காற்றைத் தள்ளி நின்று காட்டினாலும் பெரும்பகுதி பறந்துவிடும். உருண்டையில் பூவுக்கும் பூவுக்கும் நடுவே உள்ள சந்துகள் மட்டும் தொல்லைதான், அங்கே பிரஷ் சரியாக எட்டாது. பெரியம்மா இதை இரண்டாம் வாரமே கண்டுபிடித்துவிட்டார்.

பூச்சி விஷயத்தில் ரோஜா ஜெயிக்கிறது. பசையே இல்லாததால் ராமபாணப் பூச்சிக்கும் கரப்பானுக்கும் அங்கே பெரிதாக விருந்தில்லை. குசுதாமாவை மைதா பசையில் ஒட்டினால் வலியப் போய் அழைத்தது போலாகும். ஃபெவிகால் மாதிரி வெள்ளைப் பசைதான் சரி. அதையும் ஈர்க்குச்சி நுனியால் மெல்லியதாக இழுத்து, காயும் வரை கிளிப் போட்டு வையுங்கள். பசை அதிகமானால் தாள் சுருங்கி நெளியும்.

எல்லாவற்றையும்விட என்னைக் குசுதாமா பக்கம் இழுத்தது, கெட்டால் சரிசெய்ய முடியும் என்பதுதான். ரோஜாவின் அடிப்பூட்டு தளர்ந்தால் திரும்ப முறுக்கலாம். ஆனால் தடங்கள் சந்திக்கும் இடங்களில் தாள் ஏற்கெனவே நைந்திருக்கும், இரண்டாவது முறுக்கில் அங்கேதான் கிழியும். கிழிந்தால் முழுப் பூவும் போச்சு. குசுதாமாவில் ஒரு பூ நசுங்கினால் அந்த ஒன்றை வெட்டி எடுத்துவிட்டு வேறு ஒன்றை அதே குழியில் ஒட்டலாம். இதற்காகவே அதே தாளில் கூடுதலாக இரண்டு பூ செய்து, ஒரு கவரில் போட்டு உருண்டையோடு சேர்த்துக் கொடுத்தேன். பேரன் பந்தென்று நினைத்து இழுத்த அன்றைக்கு அதில் ஒன்று உதவியது. பெரியம்மாவே ஒட்டியிருக்கிறார், எது புதுசு என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

வெயிலில் வெளுப்பது இரண்டுக்கும் பொது. சன்னல் ஓரம் வேண்டாம். மேலே வார்னிஷ் ஸ்பிரே அடிக்கலாமா என்றால், நான் அடிப்பதில்லை, தாளின் மிருதுத்தன்மை போய் பிளாஸ்டிக் பளபளப்பு வந்துவிடுகிறது.

தாளுக்கு அலைய வேண்டாம். சென்னையில் இருந்தால் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் கல்யாணப் பத்திரிகைக் கடைகளுக்கு நடுவே காகிதக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. இரண்டு பக்கமும் நிறமுள்ள தாளாகக் கேட்டு வாங்குங்கள், ஒரு பக்கம் வெள்ளையாக இருந்தால் மடிப்பில் எங்கேயாவது எட்டிப்பார்க்கும். குசுதாமாவுக்குச் சாதாரண 80 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) கலர் தாள் போதும். ரோஜாவுக்கு இன்னும் மெல்லிசாக, ஆனால் முறுக்கினால் கிழியாததாகத் தேட வேண்டும்.

உருண்டை பெரிது என்று தோன்றினால் பூக்களைத் தனித்தனியாகவே கொடுக்கலாம். கம்பி நுனியில் ஒரு மணியைக் கோத்து, ஐந்து இதழும் சேரும் அடிப்புள்ளி வழியாக இழுத்தால், மணி மகரந்தம் போல நடுவில் உட்கார்ந்துகொள்ளும், கம்பியே காம்பு.

ரோஜாவை யாருக்குச் சொல்வேன்? ஒருவருக்கு ஒரே ஒரு பூ, அதுவும் மேசை மேல் வைக்க என்றால் தயங்காமல் ரோஜா. ஒரு கண்ணாடிக் குடுவைக்குள் வைத்துக் கொடுத்துவிட்டால் ஈரமும் தூசியும் வெகுவாகக் குறைந்துவிடும். குடுவையின் விலை பூவைவிடப் பல மடங்கு வரும், அதையும் சேர்த்துப் பட்ஜெட் போடுங்கள்.