35 அங்குல டயர், பின்னால் டிரெய்லர்: எஃப்-150 பிக்கப்புக்கு 4.10-ஆ, 4.56-ஆ?

2011 முதல் 2014 வரை வந்த ஃபோர்டு எஃப்-150, 5.0 லிட்டர் வி8, ஆறு கியர் ஆட்டோமேட்டிக், 3.55 ஆக்ஸில் (சக்கரம் ஒரு சுற்று சுற்ற, கியர்பாக்ஸிலிருந்து வரும் தண்டு 3.55 சுற்று சுற்றும்; எண் கூடினால் சக்கரத்தில் இழுவிசை கூடும்). கம்பெனி கொடுத்த 275/65 ஆர்18 டயரைக் கழற்றிவிட்டு 35 அங்குலம் போட்டு, 7,000 பவுண்டு டிரெய்லரும் இழுக்கும் வண்டிக்கான பகிர்வு இது. அமெரிக்காவில் இப்படி ஓடும் வண்டிகள் ஏராளம். டயர் மாற்றிய அன்று எல்லாம் சரியாகத்தான் தோன்றும். டிரெய்லரை மாட்டி ஒரு ஏற்றத்தில் விட்டதும் குறை வெளியே வரும்.

பழைய டயரின் விட்டம் 32.1 அங்குலம். புதியது ஏறக்குறைய 9 சதவீதம் பெரியது. அதனால் 3.55 ஆக்ஸில், சாலையில் 3.26 மாதிரி நடந்துகொள்ளும். பலர் சொல்லும் வழி, 3.55-ஐ 1.09-ஆல் பெருக்கி, வரும் 3.87-க்கு அடுத்ததாகக் கிடைக்கும் 4.10-ஐப் போட்டுவிடுவது. வெறும் வண்டிக்கு இந்தக் கணக்கு போதும். இழுவைக்குப் போதாது. பெரிய டயரோடு எடையும் கூடுகிறது, உயர்த்திய வண்டி காற்றை அதிகம் வாங்குகிறது. இந்த இரண்டும் அந்தப் பெருக்கலில் இல்லை.

என்ஜின் சுழற்சிக்கு எளிய சூத்திரம் ஒன்று உண்டு: மணிக்கு எத்தனை மைல் என்பதை 336-ஆலும், ஆக்ஸில் விகிதத்தாலும், கியர் விகிதத்தாலும் பெருக்கி, டயர் விட்டத்தால் வகுக்க வேண்டும். 65 மைல் வேகத்தில், 35 அங்குல டயரோடு, ஆறாவது கியரில் (0.69) 3.55 கொடுப்பது 1,530 சுழற்சி. 4.10-க்கு 1,765, 4.56-க்கு 1,965, 4.88-க்கு 2,100. டயர் கம்பெனிகள் வெளியிடும் 'ஒரு மைலுக்கு எத்தனை சுற்று' என்ற எண் கையில் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். 35 என்று அச்சிட்ட டயர் பெரும்பாலும் 35 இருப்பதில்லை. அரை அங்குலம் குறையும்.

1,530-இல் இந்த என்ஜினுக்கு இழுவிசை போதாது. சின்ன மேடு வந்தாலும் ஐந்துக்கு இறங்கும், மேடு முடிந்ததும் ஆறுக்கு ஏறும், அடுத்த மேட்டில் நான்குக்கே போகும். ஒவ்வொரு தடவையும் டார்க் கன்வர்ட்டரின் (என்ஜினையும் கியர்பாக்ஸையும் எண்ணெய் வழியாக இணைக்கும் பாகம்) பூட்டு விடுபட்டு எண்ணெய் சூடாகும். கியர்பாக்ஸைக் கெடுப்பது இந்தச் சூடுதான். 4.56 போட்ட வண்டி ஐந்தாவது கியரில் 2,475 சுழற்சியில் டிரெய்லரோடு நிதானமாக ஓடும், கியர் மாறிக்கொண்டே இருக்காது. காலி வண்டியில் மைலேஜ் குறையுமே என்ற பயம் இயல்புதான். ஆனால் 3.55-இல் ஆறாவது கியர் நிலைக்காமல் போவதால், மேடு பள்ளமான ஊர்களில் வித்தியாசம் எதிர்பார்ப்பதைவிடக் குறைவு. சமதளத்தில் காலியாக நீண்ட தூரம் ஓடுகிறவர்களுக்கு அது உண்மையான செலவு.

ஒன்றை மறக்கக் கூடாது: ஆக்ஸில் விகிதம் குதிரைத்திறனைக் கூட்டாது. கொலராடோவில் ஐ-70 நெடுஞ்சாலை ஐசன்ஹோவர் சுரங்கத்துக்கு ஏறும் இடம் 11,000 அடிக்கு மேல், சரிவு 7 சதவீதம் வரை. டர்போ இல்லாத என்ஜின் ஆயிரம் அடிக்கு சுமார் 3 சதவீதம் திறனை இழக்கும். அங்கே 360 குதிரைத்திறன் 250-க்குப் பக்கத்தில் வந்துவிடும். எந்த ஆக்ஸில் போட்டாலும் அந்த ஏற்றத்தில் கீழ் கியரில்தான் போக வேண்டியிருக்கும். கியர்பாக்ஸ் ஈடுகட்டக்கூடிய இடம் அது.

கியர்பாக்ஸால் ஈடுகட்ட முடியாத இடம் நின்ற வண்டியை நகர்த்தும்போதுதான். முதல் கியருக்குக் கீழே வேறு கியர் இல்லை. 35 போட்டதும் நகர்த்தும் விசை 8 சதவீதம் குறைகிறது, 4.10 அதை மீட்டு, பழைய நிலையைவிட 6 சதவீதம் கூட்டுகிறது; 4.56 18 சதவீதம் கூட்டுகிறது. ரிவர்ஸ் இன்னும் மோசம், முதல் கியர் 4.17 என்றால் ரிவர்ஸ் 3.40 மட்டுமே. சரிவான வாசல் பாதையில் டிரெய்லரைப் பின்னால் தள்ளிப் பாருங்கள், எண்ணெய்ச் சூட்டு முள் ஏறுவது கண்ணெதிரே தெரியும்.

வாரந்தோறும் இழுப்பவர்களுக்கு 4.56. வருடத்துக்கு நாலைந்து தடவை என்றால் 4.10. 4.88 இந்த டயருக்கு வேண்டாம்: 4.10-இன் பினியனில் (ஆக்ஸிலின் பெரிய கிரவுன் கியரைச் சுற்றும் சின்னக் கியர்) 10 பல், 4.56-இல் 9, 4.88-இல் 8. பல் குறையக் குறைய பினியன் சிறுத்து, பாரத்தைத் தாங்கும் பரப்பு குறையும். 2018-இலிருந்து 5.0 லிட்டரோடு வந்த பத்து கியர் வண்டிக்கு முதல் கியரே 4.70 என்பதால் அவசரம் குறைவு.

வேலைக்கு வருவோம். நாலு சக்கர ஓட்ட வண்டியில் முன், பின் இரண்டையும் மாற்றியே ஆக வேண்டும். விகிதம் ஒத்துப்போகாமல் நாலு சக்கரத்தையும் இணைத்தால் டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஆக்ஸில்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் பெட்டி) முறுக்கிக்கொள்ளும். ஒவ்வொரு ஆக்ஸிலுக்கும் கிரவுன், பினியன், பேரிங் முழு செட், சீல், புது க்ரஷ் ஸ்லீவ் (நசுங்கும் உலோகக் குழாய்), ஷிம்கள் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடுகள்). இரண்டும் சேர்ந்து கூலியோடு 2,000 டாலரைத் தாண்டும். மலிவான பட்டறை பழைய பேரிங்கையே திரும்பப் போடப் பார்க்கும், அனுமதிக்காதீர்கள்.

பினியன் நட்டை இறுக்கும்போது க்ரஷ் ஸ்லீவ் நசுங்கி பேரிங்குக்குத் தேவையான இறுக்கத்தைத் தரும். புதுப் பேரிங்கில் சுழற்சித் தடை (பினியனைச் சுற்றத் தேவையான முறுக்கு விசை) பொதுவாக 15-க்கும் 30-க்கும் இடையில், அங்குல-பவுண்டில். ஒரு இழுப்பு அதிகமாகிவிட்டால் நட்டைத் தளர்த்திச் சரிசெய்ய முடியாது. நசுங்கியது திரும்பி வராது. ஸ்லீவைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது போட வேண்டும். பேக்லாஷை (கிரவுன், பினியன் பற்களுக்கு இடையிலான இடைவெளி) டயல் கேஜ் வைத்து கிரவுனின் மூன்று நான்கு இடங்களில் பார்க்க வேண்டும். கியரோடு வரும் தாளில் பெரும்பாலும் 0.006 முதல் 0.010 அங்குலம் என்றிருக்கும். பிறகு மஞ்சள் பசை தடவிச் சுற்றினால் பல்லில் பதியும் தடம் நடுவில் விழ வேண்டும். வேரில் விழுந்தால் பினியன் ஆழமாகப் போயிருக்கிறது, நுனியில் விழுந்தால் ஆழம் போதவில்லை. அந்தத் தடத்தைப் படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். தர மறுக்கும் பட்டறையை விட்டுவிடலாம்.

முதல் ஓட்டம் 15, 20 மைல் மெதுவாக, பிறகு அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள். இதை இரண்டு மூன்று தடவை செய்யுங்கள். 500 மைல் வரை டிரெய்லர் கூடாது. அந்த 500-இல் ஆக்ஸில் எண்ணெயை மாற்றும்போது காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருந்தால் கவலையில்லை, நகத்தில் தட்டுப்படும் துணுக்கு இருந்தால் உடனே திறந்து பார்க்க வேண்டும். டிரெய்லரோடு முதல் பயணமும் குட்டையாகவே இருக்கட்டும். புதுக் கியர் எரிவது பெரும்பாலும் அவசரப்பட்ட முதல் இழுவையில்தான்.

வண்டியின் கணினியில் டயர் அளவு, ஆக்ஸில் விகிதம் இரண்டையும் பதிய வேண்டும். டயரை மட்டும் மாற்றி எதையும் பதியாமல் ஓட்டினால் மீட்டர் 65 காட்டும்போது நிஜ வேகம் 71. ஓடிய மைலும் குறைத்தே பதிவாகும் என்பதால், கையால் போடும் மைலேஜ் கணக்கு உள்ளதைவிட மோசமாக வரும். கியர் மாற்றியும் இழுவை வரம்பு ஒரு பவுண்டுகூட உயராது, ஃபோர்டின் இழுவைக் கையேட்டில் உங்கள் வண்டிக்குப் போட்டிருப்பதுதான் வரம்பு. பெரிய டயரில் பிரேக் பிடியும் குறையும். டிரெய்லர் பிரேக் கன்ட்ரோலரை (டிரெய்லர் பிரேக் எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் கருவி) இழுக்கும் எடைக்குப் பொருத்தமாகத் திரும்ப அமையுங்கள். உபரி டயரும் 35-ஆகவே இருக்க வேண்டும். பின் அச்சில் ஒரு பக்கம் 32, மறுபக்கம் 35 போட்டு ஓட்டினால் டிஃபரன்ஷியலின் (இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் பாகம்) சின்னக் கியர்கள் நேர் சாலையிலும் ஓயாமல் சுழன்று சூடாகும்.