விஎம்மில் எக்ஸ்டர்னல் டிஸ்க் தெரியவில்லையா? சர்வீஸ் கடையில் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

என் உபுண்டு (ஒரு லினக்ஸ் இயங்குதளம்) லேப்டாப்பில் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு அதற்குள் விண்டோஸ் 7 வைத்திருக்கிறேன்; இப்படி ஒரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினியைத்தான் விஎம் (விர்ச்சுவல் மெஷின்) என்கிறோம். அப்பா பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் அடித்து வைத்துவிட்டுப் போன எங்கள் குடும்ப வரலாற்றைத் திறப்பதற்காக மட்டும்தான் அது. அந்தக் கோப்புகளும் வீட்டுப் படங்களும் ஒரு 1 டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் இருந்தன. உபுண்டுவில் டிஸ்க் ஒழுங்காகத் திறந்தது, விஎம்முக்குள் மட்டும் வரவில்லை. மேலே டிவைசஸ் மெனுவில் யூஎஸ்பி என்ற இடத்துக்குப் போனால் எதுவும் இணைக்கப்படவில்லை என்றே காட்டியது. வேலை நெருக்கடியில் நானே தேடிப் பார்க்காமல், பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சர்வீஸ் கடையில் லேப்டாப்பையும் டிஸ்க்கையும் கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் போன் வந்தது. "சார், விஎம்மில் போட்டவுடனே உபுண்டுவில் டிஸ்க் காணாமல் போகுது, யூஎஸ்பி போர்ட் லூஸ், மாத்தணும்" என்றார்கள். சரி என்றேன். பில் 4,200 ரூபாய்: போர்ட்டுக்கு 2,400, எக்ஸ்டென்ஷன் பேக் (விர்ச்சுவல்பாக்ஸுக்கான கூடுதல் மென்பொருள்) லைசென்ஸ் என்று 1,800. கழற்றிய பழைய போர்ட்டைக் கேட்டதற்குத் தூக்கிப் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள்.

இரண்டுமே பொய். விஎம்மிடம் டிஸ்க்கைக் கொடுத்தால் உபுண்டுவிலிருந்து அது மறையத்தான் செய்யும், ஒரே நேரத்தில் இரண்டு பேர் அதில் எழுதக்கூடாது என்பதற்காகவே அப்படி. எக்ஸ்டென்ஷன் பேக் சொந்த உபயோகத்துக்கு இலவசம். போதாததற்கு என்னிடம் இருந்தது 7.0-க்குப் பிந்தைய பதிப்பு, அதில் யூஎஸ்பி 2, 3 இரண்டுக்கும் அந்தப் பேக்கே தேவையில்லை. உண்மையான கோளாறு என்னவென்றால், லினக்ஸில் நம் பயனர் பெயர் 'விபாக்ஸ்யூசர்ஸ்' என்ற குழுவில் இருக்க வேண்டும், என் பெயர் அதில் இல்லை, கடையில் சேர்த்த பிறகுதான் டிஸ்க் விஎம்முக்குள் போயிருக்க வேண்டும். ஒரே ஒரு கட்டளை, பிறகு ஒரு ரீஸ்டார்ட், அவ்வளவுதான் வேலை.

பணம் போனதைக்கூட விட்டுவிடுவேன். வீட்டுக்கு வந்து டிஸ்க்கைத் திறந்தால் காலி. என் டிஸ்க் எக்ஸ்ட்4 என்ற லினக்ஸ் கோப்பு முறையில் இருந்தது, விண்டோஸுக்கு அது புரியாது, புரியாத டிஸ்க்கைப் பார்த்தால் "ஃபார்மேட் செய்யவா" என்று கேட்கும். கடைப் பையன் ஆமாம் என்று அழுத்தியிருக்கிறான். கேட்டதற்கு, "விஎம் உள்ளேதானே சார், வெளியே ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன்" என்கிறான். இதை எல்லோரும் தயவுசெய்து மனதில் வையுங்கள்: விஎம்மின் சொந்த டிஸ்க் வெறும் ஒரு கோப்பு, அது கெட்டால் அதோடு போகும், ஆனால் யூஎஸ்பி வழியாக உள்ளே அனுப்பிய டிஸ்க் நம் கையில் இருக்கும் அதே டிஸ்க், உள்ளே அழித்தால் நிஜமாகவே அழியும்.

அதன்பின் டிஸ்க்கில் எதையும் எழுதாமல் முழுசாக ஒரு நகல் எடுத்து, அந்த நகலில் ஃபோட்டோரெக் என்ற, அழிந்த கோப்புகளை மீட்கும் மென்பொருளை ஓட்டினேன். படங்கள் பெரும்பாலும் வந்தன, ஆனால் பெயரும் ஃபோல்டரும் போய் வெறும் எண்களாக. பேஜ்மேக்கர் கோப்புகள் ஒன்றுகூட உருப்படியாகத் திறக்கவில்லை.

உங்களுக்கு இதே தேவை இருந்தால் டிஸ்க்கை உள்ளே அனுப்பவே வேண்டாம். உபுண்டுவிலேயே திறந்து, தேவையான ஃபோல்டரை மட்டும் விர்ச்சுவல்பாக்ஸின் ஷேர்டு ஃபோல்டராகக் கொடுங்கள், அதில் ரீட்-ஒன்லி (படிக்க மட்டும்) என்று ஒரு டிக் இருக்கிறது, அதையும் போட்டுவிடுங்கள். விண்டோஸுக்குள் விர்ச்சுவல்பாக்ஸின் கெஸ்ட் அடிஷன்ஸ் என்ற துணை மென்பொருளை நிறுவியிருக்க வேண்டும், அது மட்டும்தான் நிபந்தனை. கடைக்குக் கொடுத்தே ஆகவேண்டும் என்றால் லேப்டாப்பை மட்டும் கொடுங்கள், சோதித்துப் பார்க்க ஒரு காலி பென்டிரைவ் போதும். பழைய பாகம் திரும்ப வேண்டும் என்று முதலிலேயே சொல்லி எழுதி வாங்குங்கள்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்திருக்கிறேன். கடைக்காரர் 1,800-ஐ மட்டும் திருப்பித் தருவதாகச் சொல்கிறார், நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. சித்தப்பாவிடம் அப்பா முன்பு அச்செடுத்துக் கொடுத்த 60 பக்கம் இருந்தது, அதை வாங்கி வந்து யூனிகோடில் அடித்துக்கொண்டிருக்கிறேன். அதற்குப் பிறகு அப்பா எழுதியது எங்களிடம் இல்லை.